முப்பது முழுக்கு

மார்பில் மூன்று புள்ளி குத்தினான் அந்தப் பையன்.
பச்சைதான். ஆனால் தேளும் இல்லை, பேரும் இல்லை.
"அழியாதும்மா, தாராளமா குளிக்கலாம்" என்றான்.
நான் குளிக்கிற குளிப்பு அவனுக்குத் தெரியாது.

சின்னப்பாலத்தில் பதினோரு வயதில் இறங்கினேன்.
விரலெல்லாம் துணி சுற்றி, காலில் தகடு கட்டி,
பாறைப் பாசி பிடுங்க
ஒரு மூச்சுக்கு ஒரு கை.
பீடி தொட்டதில்லை.
பதிவுச் சீட்டு எழுதிய பெண் இரண்டு முறை கேட்டாள்,
பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.
நம்புமுருகன் சட்டைப் பையைக் கையால் மூடினார்.

வலது நுரையீரலில் எலுமிச்சை அளவு.
நெஞ்சு நடுவில் நெறி கட்டியிருக்கிறது.
கத்தி வைக்க இடமில்லை என்றார் டாக்டர் தில்லைநாயகி.
கரண்டும் சொட்டு மருந்தும் சேர்த்து ஆறு வாரம்,
தாங்கினால்
அதன்பின் ஒரு வருஷம் வேறொன்று.

விசைப்படகெல்லாம் கரையேறிய அன்றைக்கு
மதுரைக்குப் பஸ் ஏறினேன்.
தடைக்காலம் அறுபத்தோரு நாள். கணக்கு ஒத்து வந்தது.
மீனுக்கு விட்ட விடுப்பில் எனக்கு வைத்தியம்.

"மூச்சை இழுங்க. பிடிங்க."
சுவருக்குள்ளிருந்து குரல்.
பிடித்தேன்.
மெஷின் முனகிச் சுற்றி நின்றுபோனது. நான் விடவில்லை.
"அம்மா விட்டுருங்க, முடிஞ்சுது, அம்மா!"
கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான்.
கண் திறந்தேன்.
மேலே தண்ணீர் இல்லை, டியூப்லைட்.

திங்கள்தோறும் சொட்டு.
துருப்பிடித்த ஆணியைச் சப்பிய ருசி வியாழன் வரை.
நாலாம் வாரம் கஞ்சி இறங்கும் வழியெல்லாம் நெருப்பு,
எச்சில் விழுங்கக்கூட நேரம் பார்க்க வேண்டியிருந்தது.
வெள்ளி இரவு பாம்பன் பாலத்தில் பஸ் ஏறும்போது
காற்றுக்கு வாயைத் திறந்துகொள்வேன்.
வீட்டு வாசலில் காயும் பாசி நாற்றத்துக்குக்
குமட்டி உட்காருவேன்.
முப்பது வருஷம் என் தலைமுடியில் இருந்த வாசம் அது.

இருபத்தெட்டு, இருபத்தொன்பது.
முப்பதாம் நாள் அந்தப் பையன் கைகொடுத்தான்.
எழுந்து நின்றபோது இருமல் வந்தது. சின்னதாக.

"உங்க ரத்தத்துல காவல்காரங்க இருக்காங்க ராக்கம்மா.
கட்டி அவங்ககிட்ட கள்ள டோக்கன் காட்டித் தப்பிக்குது.
கரண்டு அடிச்சதுல அதோட முகம் கொஞ்சம் வெளிய தெரிஞ்சிருக்கு.
டோக்கன் செல்லாதுன்னு சொல்றதுதான் இந்த மருந்து."
சட்டென்று விளங்கியது.
மீன்துறை டோக்கன் இல்லாமல் ஜெட்டியைத் தாண்ட முடியாது,
கள்ளச் சீட்டில் தாண்டினவன் ஒருவனையும் தெரியும்,
பேர் சொல்ல மாட்டேன்.

விலை சொன்னார்.
நம்புமுருகன் எழுந்து வெளியே போனார்,
பீடி நாற்றத்தோடு திரும்பி வந்தார்.
"போடுங்க" என்றார்.
ஃபைபர் படகில் எங்கள் பங்கு போயிற்று.
ஏதோ திட்டத்தில் படிவம் எழுதிப் பாதி குறைந்தது.
மிச்சம், பாசிக் கம்பெனி ஏஜெண்டிடம் முன்பணம்.
அதை மூச்சாகத்தான் அடைக்க வேண்டும்.

"குணமாயிருமா?"
"உறுதி சொல்ல மாட்டேன். முன்னைக்கு இப்ப நிறையப் பேர் நிக்கிறாங்க."
அதுவரை எனக்கு உண்மை சொன்னவர்கள் குறைவு.

தடை முடிந்த இரவு ஊரே ஜெட்டியில்.
இன்ஜின் சத்தம் ஒவ்வொன்றாய்ப் போய்த் தேய்ந்ததைப்
படுத்தபடி கேட்டேன்.

ஏழாவது ஊசிக்குப்பின் மூச்சு இறைத்தது.
முழித்த காவல் சொந்த வீட்டுக் கதவையும் உடைக்குமாம்.
மாத்திரை கொடுத்து அதட்டி வைத்தார்கள்,
முகம் பூரியாய் உப்பியது,
இரண்டு ஊசி தள்ளிப்போனது.
ஸ்கேனில் எலுமிச்சை நெல்லிக்காய் ஆகியிருந்தது.
போகவில்லை. ஆகியிருந்தது.

கார்த்திகையில் வடகடல் புரளும்போது
தெற்குக் கடல் படுத்துக் கிடக்கும்.
நம்புமுருகன் துண்டோடு கரையில் நிற்க
இடுப்பளவு இறங்கினேன்.
தகடு இல்லை, விரலில் துணி இல்லை.
முகம் மூழ்க உட்கார்ந்தேன்.

இருபத்திரண்டு.

முன்பெல்லாம் நான் எண்ணியதில்லை.